மகளுக்கு: டிரெய்லர் வாங்கும் முன்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்தின் மோவாப் பக்கம் பிள்ளைகளோடு சுற்றிவர வீட்டு டிரெய்லர் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. படுக்கையறையும் சமையல் மேடையும் குளியலறையும் கொண்ட அந்த 30 அடி டிரெய்லரை, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் பிக்அப் எளிதாக இழுத்துவிடும் என்று விற்பனையாளர் கூறியதாகச் சொன்னாய். விளம்பரத்தில் உள்ள 11,000 பவுண்டு இழுவைத் திறன் பொய்யன்று. ஆனால் உங்கள் குடும்பம் பாதுகாப்பாகப் போய்வர முடியுமா என்ற கேள்விக்கு அந்த எண் விடை தராது. நீங்கள் கையெழுத்திடும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்திலிருந்து ஜூரோங், துவாஸ் கிடங்குகளுக்குப் பிரைம் மூவர் என்னும் இழுவை லாரியில் கொள்கலன் இழுத்தே வாழ்ந்தவன் நான். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி, இழுப்பது வேறு, தாங்குவது வேறு என்பதாகும். இயந்திரத்திற்கு இழுக்கும் வலு இருக்கலாம். பின்னச்சும் வில்பட்டையும் டயரும் தம்மேல் இறங்கும் எடையைத் தாங்க வேண்டுமே! நம் ஊர் லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடையையும் சுமையோடு கூடிய உச்ச எடையையும் எழுதியிருப்பார்கள். சிறு வயதில் நீ அவற்றைப் படித்துக்கொண்டே வருவாய். அமெரிக்கப் பிக்அப்பில் நீ தேட வேண்டிய எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோகிராம் அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அந்த ஒட்டுத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். பேலோட் என்று அங்கே எல்லாரும் சொல்வது அதைத்தான். ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இந்த எண் மாறுபடும், ஏனெனில் கூரைக் கண்ணாடி, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் இதிலிருந்து கழிந்துகொண்டே போகும். ஆகவே விளம்பரத் தாளைப் பார்க்காதே. நீங்கள் வாங்கப் போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து பார்.

அங்கே 1,600 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீ சொன்ன டிரெய்லரின் வெற்று எடை 7,200 பவுண்டு, முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை 9,000 பவுண்டு என்றும் கொள்வோம். கணக்கிட வேண்டியது இரண்டாவது எண்ணை. வெற்று எடையில் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, அரிசி மூட்டை இல்லை, பிள்ளைகளின் துணிமணி இல்லை. ஒரு கேலன் தண்ணீரே 8.3 பவுண்டு இருக்கும். 50 கேலன் தொட்டியை நிரப்பினால் 400 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். உன் அம்மாவின் பிள்ளையான நீ சமையல் சாமான்களைக் குறைத்து எடுத்துச் செல்வாய் என்று நான் நம்பவில்லை. இத்தகைய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு பிக்அப்பின் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 13 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 1,170 பவுண்டு. அதோடு நீங்கள் நால்வரும் 480, இணைப்புக் கொக்கி 100, பின்தட்டில் மிதிவண்டிகளும் கருவிப்பெட்டியும் 150 என்று கூட்டிப் பார். 1,900 பவுண்டு வருகிறது. இழுவைத் திறனில் இன்னும் 2,000 பவுண்டு மிச்சம் இருக்கும்போதே, தாங்கும் திறனை 300 பவுண்டு மீறிவிட்டோம். இதே வண்டிதான் வேண்டும் என்றால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 1,600-இல் மற்ற 730 பவுண்டைக் கழித்தால் கொக்கிக்கு மிஞ்சுவது 870. அதற்குப் பொருந்தும் டிரெய்லர் முழுச் சுமையோடு 6,700 பவுண்டுக்குள் இருக்க வேண்டும்.

அப்படியானால் 11,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை கேட்பார். ஜே2807 என்ற பொது அளவீட்டு முறை ஒன்று அங்கே இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே தொடங்கும் நீண்ட ஏற்றத்தில், கடும் வெயிலில், குளிர்சாதனம் முழுவேகத்தில் ஓட, வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் வண்டி ஏறியாக வேண்டும். கடுமையான சோதனைதான், அதை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பவர்கள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே, ஆளுக்கு 150 பவுண்டு என்ற கணக்கில். உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளும் பின்தட்டு நிறையச் சாமான்களும் இருக்கும் என்பதை மறந்துவிடாதே.

இன்னொன்றையும் சிலர் சொல்லக்கூடும்: கனமான பொருள்களையெல்லாம் டிரெய்லரின் பின்பகுதிக்குத் தள்ளிவிட்டால் கொக்கியின் மேல் எடை குறைந்துவிடுமே என்று. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இதுதான் என்னை மிகவும் அஞ்ச வைக்கிறது. டிரெய்லரின் எடை மையம் அதன் அச்சுக்கு முன்னால் இருக்கும் வரை அது வண்டியின் பின்னால் நேராக வரும். பின்னால் போய்விட்டால், பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும் காற்றடியே போதும். அது பக்கவாட்டில் அசையத் தொடங்கும், வேகம் கூடக் கூட அசைவும் பெருகி, முன்வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். அப்படி அசையத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கவோ ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்பவோ கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை மெல்ல அழுத்த வேண்டும். அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை மாப்பிள்ளை மட்டுமன்றி நீயும் கண்ணை மூடிக்கொண்டே தொடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி என்று ஒன்று விற்பார்கள். அதைக் கட்டாயம் வாங்குங்கள். பின்னச்சின் மேல் குவியும் எடையில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் அது மாற்றுவதால் ஸ்டீயரிங்கும் முன்பிரேக்கும் தம் பிடியை இழக்காமல் இருக்கும். இது இல்லாமல் 500 பவுண்டுக்கு மேல் அழுத்தக்கூடாது என்று பல பிக்அப்களின் கொக்கிச் சட்டத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் இதைப் பொருத்திவிட்டால் கதவில் உள்ள எண் கூடிவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதே.

பெரிய வண்டியாக டீசலில் வாங்கிவிடலாம் என்று எண்ணினால், அங்கும் கதவைத் திறந்தே பார்க்க வேண்டும். டீசல் இயந்திரமே கனமானது. மொத்த எடை 10,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று பதிவான, முக்கால் டன் என்று அழைக்கப்படும் பெரிய பிக்அப் வகையில், டீசல் வண்டியின் பேலோட் அதே வகைப் பெட்ரோல் வண்டியின் பேலோடைவிடக் குறைவாக இருப்பதுண்டு. நீ கேட்கும் டிரெய்லருக்கு 2,300 பவுண்டுக்குக் குறையாத பேலோட் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் பாதையையும் வரைபடத்தில் பார்த்தேன். நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டருக்குள் அடங்கிவிடும் ஊரில் ஓட்டியவனுக்கு அந்த மலைகள் மலைப்பைத் தருகின்றன. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழப்பதால், அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். அதனால் டர்போ உள்ள இயந்திரத்தையே தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போவதால் ஆபத்தில்லை. இறக்கத்தில்தான் கவனம் தேவை. சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் வரை சாலை 7 விழுக்காடு வரை சரிகிறது. பிரேக் செயலிழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் தனித் தடங்களை அங்கே அமைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே அந்த இறக்கத்தின் தன்மை விளங்கும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இயந்திரமே வண்டியைத் தடுக்கும்படி விடுங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

கணக்கு எல்லாம் கணக்குதான். மேடையில் ஏற்றிப் பார்த்தால்தான் உறுதியாகும். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. பிக்அப்பின் முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லரின் அச்சுகள் ஆகியவற்றின் எடையைத் தனித்தனியாகக் காட்டிச் சிறு கட்டணத்துக்குச் சீட்டு தருவார்கள். முதல் பயணத்துக்கு முன், தண்ணீரும் சாமானும் ஏற்றி, நீங்கள் நால்வரும் உள்ளே அமர்ந்தபடியே ஒருமுறையும், டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறையும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு சீட்டுகளையும் கதவில் உள்ள ஒட்டுத்தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. இங்கே விடியற்காலையாக இருந்தாலும் பரவாயில்லை. நான் கூட்டிப் பார்த்துவிட்டு அழைக்கிறேன். அதற்கு முன் மலைப்பாதையில் ஏற வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா