செயிண்ட் லூசியா: பெட்டி கட்டும் முன் படியுங்கள்
பிள்ளைகளின் ராணுவ டிசைன் கால்சட்டை, தொப்பி எதுவும் வேண்டாம். அந்தக் கரீபியன் தீவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். சின்னவன் அழுவான், சித்தப்பா சமாளிக்கட்டும்.

இறங்குவது தெற்கே ஹெவனோரா விமான நிலையத்தில், வீடு வடக்கே ராட்னி பேயில். மலைப்பாதை, ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வாந்தி வருபவர்களுக்கு முன் சீட்.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் போலப் பழம் கிடந்தால் தொடவே கூடாது. அது மான்சினீல் என்ற விஷ மரத்தின் பழம். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலும் சொட்டும் தண்ணீர் பட்டுத் தோல் கொப்பளித்துவிடும். பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

அப்புறம், சூஃப்ரியேர் ஊரில் கந்தகச் சேற்றுக் குளியல் உண்டு. பழைய துணி எடுங்கள். கொலுசைக் கழற்றி வையுங்கள், வெள்ளி கறுத்துவிடும்.

ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர், அதுதான் அங்கே நாணயம்.