சில்லறை வணிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. தீத்தடுப்புப் பயிற்சி ஒரு நாள் நடந்தது. மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

மற்றபடி ஆண்டு முழுவதும் நம்மை வாட்டியது ஒரே பிரச்சினைதான். ஓடுகிற சரக்கு கையில் இல்லை. ஓடாத சரக்கு கோடவுனை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மொத்த விநியோகஸ்தரிடம் பத்துப் பெட்டி கேட்டால் நாலு வந்தது. அந்த நாலுக்கும், முடங்கிய சரக்கு இரண்டு பெட்டி சேர்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். இதற்காக மூன்று முறை நேரில் போய்ப் பேசினோம். இப்போது அந்தக் கட்டாயம் நின்றிருக்கிறது.

அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் நம் ஆர்டர் தாள்களை மேஜையில் பரப்பிக் காட்டினார். பாதியாவது வரட்டும் என்று நாம் இரண்டு மடங்கு எழுதியிருந்தோம். அதே சரக்கை வேறு இரண்டு இடங்களிலும் கேட்டிருந்தவர்கள் உண்டு. எது உண்மையான தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதைச் சாட்டை விளைவு என்பார்கள். பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எகிறுகிறதே, அதுபோல. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பரில் இதைக் கவனித்தது. குழந்தைகள் உபயோகிப்பது சீராகத்தான் இருந்தது. கடை, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று மேலே போகப்போக ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்று சரக்குப் போக்குவரத்தையே முடக்கியதே, அதற்கு நாம் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆர்டர் தாளில் எழுதும் எண் நம் கையில்தான் இருக்கிறது.

கடைக்குள் நடப்பதும் அப்படித்தான். 2002இல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு, சராசரியாக நூறில் எட்டுப் பொருளுக்கு மேல் அலமாரியில் கிடைப்பதில்லை என்றது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் கடையிலேயே ஆர்டர் போடும் விதமும் அடுக்கும் விதமும் என்றும் சொன்னது. நான் இதை நம்பவில்லை. அப்புறம் ஒரு நாள், மூன்று நாளாக ‘இல்லை’ என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பிய பேட்டரி, என் கோடவுன் பின்வரிசையில் பிரிக்காத பெட்டியாக இருந்தது. மேலே வேறு இரண்டு பெட்டிகள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த ரசீதில் தேதி அதற்கு முந்தின வாரம்.

அன்றுதான் இருப்புப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கினேன். கணக்கு எளிது. ஒரு பொருள் நாளுக்கு ஆறு விற்கிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர ஐந்து நாள் என்றால், முப்பது வேண்டும். தாமதத்துக்குப் பன்னிரண்டு சேர்த்தால் நாற்பத்திரண்டு. இருப்பு அந்த எண்ணைத் தொட்டதும் ஆர்டர் போக வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல. இதோடு, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தம் இருப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது, ஒருவரிடம் மிஞ்சியதை மற்றவர் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

பதினொரு பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை எழுதியவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரிடமும் ‘சரக்கு இல்லை’ என்ற பேச்சு கண்கூடாகக் குறைந்தது. மற்றவர்கள், தம் இருப்பைச் சொன்னால் போட்டிக்காரர் அறிந்துவிடுவார் என்று தயங்கினார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்தவர் பட்டியலைத் தினமும் பார்த்துவிட்டுத் தம் பட்டியலை மட்டும் மறைப்பது நியாயமில்லை. சரக்கு வராத நாளில் இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தவர்களில் பலர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, சந்தாவும் செலுத்தவில்லை. ஞாபகப்படுத்த மூன்று கடிதம் அனுப்பினேன்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கை செய்து வைத்திருக்கிறார். செலவு வரவை ஒட்டியே இருக்கிறது, கையிருப்பு குறைவு. பதிவேடு அச்சிட்ட செலவு இதரச் செலவில் சேர்ந்துள்ளது. விவரம் வேண்டுவோர் அவரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒத்துழைத்த தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த உறுப்பினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சில சரக்குகளுக்குக் கூட்டு ஆர்டர் போட எண்ணம். எல்லார் தேவையும் ஒரே தாளில் உண்மையாகப் போனால் விநியோகஸ்தர் பேசும் தொனியே மாறும். அதற்கு இருபது பேராவது வேண்டும். நாலு பேரை வைத்து இதை என்னால் இன்னோர் ஆண்டு இழுக்க முடியாது. பொறுப்பில் தொடர்வதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வேன். புதிய பதிவேட்டுப் படிவங்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. கூட்டம் முடிந்தும் ஒரு மணி நேரம் நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்