நாலாம் மாடியிலிருந்து இறங்கிய கூடை

பலெர்மோவில் எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. நேற்றுத்தான் சுவரைப் பிடிக்காமல் பல்கனி வரை நடந்தார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

அந்த இரவு அவசர உதவி எண் 112 இல் என் தட்டுத்தடுமாறிய இத்தாலியத்தைப் பொறுமையாகக் கேட்டவர், ஒவ்வொரு நாளும் பெரியவனைத் தன் பிள்ளையோடு பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த தாய், பிந்திப் போன நாட்களில் முகம் சுளிக்காமல் அவனை வைத்திருந்த ஆசிரியைமார், சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு ஒன்பது மணிக்கும் தொலைபேசியை எடுத்த பிள்ளைகளின் டொக்டர், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் சம்பளம் தந்த வீட்டுக்கார அம்மா, பல்லாரோ சந்தைப் பக்கமிருந்து இடியப்பமும் சொதியும் கட்டி அனுப்பிய அக்காமார், பெயர் கேட்க மறந்துபோன தாதிமார். உங்கள் ஒருவரையும் நான் மறக்கமாட்டேன்.

ஆனால் நாலாம் மாடி நொன்னாவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும். நொன்னா என்றால் இத்தாலியத்தில் பாட்டி.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. நாங்கள் இரண்டாம் மாடி. எண்பதைத் தாண்டிய அவருக்கு முழங்கால் வருத்தம், படியிறங்குவதே அருமை. பல்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பிரம்புக் கூடையை இறக்குவார். இங்கே அதைப் பனாரு என்பார்கள். காசு கீழே போகும், கடைக்காரப் பொடியன் பாணை வைத்து அனுப்புவான். ஏழு வருடமாக அது எங்கள் பல்கனியைத் தாண்டிப் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது எங்கள் பல்கனிக்கு நேரே வந்து நின்றது. உள்ளே துணி சுற்றிய ஒரு சின்னப் பாத்திரம், சுடச்சுட. நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொடிப் பாஸ்தா போட்ட கோழிச்சாறு, மேலே ஒலிவ் எண்ணெயும் துருவிய பார்மிஜானோவும். இங்கே சுகமில்லாத பிள்ளைக்கு முதலில் கொடுப்பது இதைத்தான். அப்பாவைத் தேடி இரண்டு நாளாகச் சோற்றைத் துப்பிக்கொண்டிருந்த சின்னவள் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டாள். நான் குசினி நிலத்தில் இருந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. வெள்ளிக்கிழமை மூடியைத் திறக்கத்தான் தயங்கினேன். வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. திறந்தால் உருளைக்கிழங்கும் கரட்டும் செலரியும் அவித்த சாறு. மேலேயிருந்து குரல் வந்தது: "இன்றைக்கு வெள்ளி, இறைச்சி போடவில்லை!" தவக்காலம், அவருக்கும் வெள்ளியில் இறைச்சி இல்லை. ஆனால் எங்களுக்காகவும்தான் என்று பிறகு சொன்னார். வெள்ளிகளில் எங்கள் குசினியிலிருந்து இறைச்சி மணம் மேலே வருவதில்லை என்பதை அத்தனை வருடமாகக் கவனித்திருக்கிறார்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்த நாட்களில் அனுப்ப வீட்டில் எதுவும் இருக்கவில்லை. பெரியவன் கழுவிய பாத்திரத்துக்குள் தன் சிவப்புக் காரை வைத்தான். மறுநாள் கார் சாப்பாட்டோடு திரும்பி வந்தது. அடுத்த நாள் திரும்பவும் மேலே போனது. இவர் வீட்டுக்கு வரும்வரை அந்தக் கார் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஆனால் அவன் அழுவதை விட்டுவிட்டுப் பல்கனியில் காத்து நிற்பான்.

இதையும் சொல்ல வேண்டும். முன்பு படியில் காணும்போதெல்லாம் அவர் என்னை ஏசுவார். பிள்ளைக்குத் தொப்பி எங்கே, கழுத்தைச் சுற்று, காற்றுப் பட்டுவிடும் என்பார். வெளிநாட்டுக்காரி பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று நினைக்கிறார் என எனக்குள் ஒரு காயம் இருந்தது. புவோன்ஜோர்னோ சொல்லிவிட்டு விறுவிறு என்று இறங்கிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மாவும் பனி பிடிக்கும், தலையை மூடு என்று இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஏச்சு இல்லை என்று விளங்க எனக்கு ஏழு வருடம் போயிருக்கிறது. வட்ஸப் திரையில் மட்டும் தங்கள் அம்மம்மாவைக் கண்ட என் பிள்ளைகளுக்கு, தலைக்கு மேலேயே ஒருவர் இருந்திருக்கிறார்.

மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதமில்லாமல் ஞாயிறு விடியற்காலையில், மலைமேல் குகைக்கோயிலில் இருக்கும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போகிறோம். 1624 இல் கொள்ளைநோய் இந்த ஊரை வாட்டியபோது அவருடைய எலும்புகள் கிடைத்த குகை அது. இந்தச் செப்டெம்பர் 4, அவருடைய திருநாளன்று, வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்திருக்கிறேன். முதல் பாதி இவருக்காக, மிச்சம் நொன்னாவுக்காக.

நேற்று மேலே போய் அதைச் சொன்னேன். கணவர் இருந்த காலத்தில்தான் தான் கடைசியாக ஏறியதாகச் சொன்னார். தன் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டுமாம். அதை அன்று காலை கூடையில் இறக்கித் தருவாராம்.

பெரியவனும் வருவான். இப்போதே சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்கள் கட்டடப் படியில் ஏறி இறங்கிப் பழகுகிறான். கல்லுப் படி, குளிர் இன்னும் போகவில்லை. நொன்னா கண்டால் ஏசுவார்.