லிஸ்பன்ல கேள்வி கேட்டது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த நம்பிக்கை, நாத்திகம் கட்டுரை படிச்சேன். நல்லாதான் எழுதியிருக்காங்க, ஆனா 1755ல போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன்ல வந்த பூகம்பத்தோட ஐரோப்பாவுல பக்தி ஆட்டம் கண்டுருச்சுன்னு ரெண்டே வரியில முடிச்சது சரியாப் படல.

நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைல பூசை நேரம், சர்ச் எல்லாம் கூட்டம் நெரியுது, அப்பதான் பூமி ஆடுச்சு. கூரை ஜனங்க மேல விழுந்துச்சு, திருநாளுக்கு ஏத்தி வச்ச மெழுகுவத்தியும் ஊரு பத்தி எரிய காரணமாச்சு, தப்பிச்சு ஆத்தங்கரைக்கு ஓடுனவங்கள சுனாமி அள்ளிட்டுப் போச்சு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர், எல்லாம் நன்மைக்கேன்னு சொல்றவங்க மேல கோவத்துல கவிதை எழுதுனாரு. அதுக்கு 1756ல தத்துவ அறிஞர் ரூசோ போட்ட பதில்தான் எனக்குப் புடிச்சது, ஆறு ஏழு மாடி வீடுகள நெருக்கி நெருக்கி கட்டுனது இயற்கையா மனுஷனான்னு! இத்தனைக்கும் ரூசோ கடவுள விட்டுக்குடுக்காத ஆளு.

மலக்ரிடான்னு ஒரு சேசு சபை (கத்தோலிக்கத் துறவிங்க சபை) பாதிரியார், இது பாவத்துக்கு வந்த தண்டனை, இயற்கைன்னு சொல்லாதீங்கன்னு பிரசங்கம் பண்ணாரு. போர்ச்சுகல் அமைச்சர் பொம்பாலுக்கு அந்த சபை மேலயே காண்டு, 1761ல மலக்ரிடாவ மத விரோதின்னு தீர்ப்பு சொல்லி கழுத்த நெரிச்சு எரிச்சாங்க, தீர்ப்பு சொன்ன மத விசாரணை மன்றத்துக்குத் தலைவர் பொம்பாலோட கூடப்பொறந்தவரு. இதுல பகுத்தறிவு எங்க இருக்கு சொல்லுங்க?

ஆனா அதே பொம்பால்தான் ஒவ்வொரு சர்ச் பங்குக்கும் பூகம்பத்தப் பத்தி ஒரு கேள்வித்தாள் அனுப்புனாரு. எவ்வளவு நேரம் ஆடுச்சு, கடல் மொதல்ல ஏறுச்சா உள்வாங்குச்சா, வழக்கத்த விட எத்தன சாண் ஏறுச்சு, எத்தன பேரு செத்தாங்க. உக்காந்து பதில் எழுதுனது யாருன்னா அந்தந்த ஊரு பங்குச் சாமியாருங்க, பூகம்ப ஆராய்ச்சிக்காரங்க இன்னிக்கும் அத எடுத்துப் பாக்குறாங்க. அதனால சந்தேகம்னா சர்ச்சுக்கு வெளிய இருந்து வந்ததுன்னு எழுதாதீங்க சார்.

நம்ம வேளாங்கண்ணியே புயல்ல தப்பிச்ச போர்ச்சுகீசிய மாலுமிங்க நன்றியா கட்டுன கோயில்னுதான சொல்லுவாங்க. 2004 டிசம்பர் 26 கோயில் தப்பிச்சுது, கடற்கரையில நின்ன யாத்திரைக்காரங்க நூத்துக்கணக்குல போயிட்டாங்க. மாதா காப்பாத்துனான்னு ஒரு பேச்சு, அப்ப செத்தவங்க என்ன பாவம் பண்ணாங்கன்னு ஒரு பேச்சு, எங்க பக்கம் ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளயே நடந்துச்சு, ரெண்டு பேச்சு பேசுனவங்களும் சேர்ந்துதான் திருவிழாவுக்கும் போனாங்க.

அந்தக் கேள்வித்தாள் பத்தி ஒரு பக்கமாவது போடுங்க, முடிஞ்சா சாமியாருங்க எழுதுன பதில்ல ரெண்டு மூணையும் தமிழ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகப்பட்டினம்