விலா இல்லாத உடம்பு

அன்புள்ள குமரா,

கடிதமும் மூன்று வரைபடங்களும் வந்து சேர்ந்தன. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்ற செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. இனி உன் சாப்பாட்டு மேசை முழுவதும் உனக்கே என்று எழுதியிருக்கிறாய்; அந்த மேசையில் என்ன நிற்கப்போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ பிளாஸ்டிக் ஷீட்டில் செய்யப்போகும் மாதிரி இது: இரண்டு கால் போர் இயந்திரம், 45 செ.மீ. உயரம், மேசைப் போர் விளையாட்டின் 28 மி.மீ. உயரப் பொம்மைப் படைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முகப்புத் தோற்றம் அருமை. குனிந்த தோளும் முன்னால் நீட்டிய தலையும் நடக்கப்போகிற தோரணையைக் கொடுக்கின்றன. ஆனால் பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். உடல் பெட்டி முழுக்க 3 மி.மீ. ஷீட், உள்ளே ஒன்றுமே இல்லை. பலத்துக்காகத் தடிமனைக் கூட்டியிருக்கிறாய். அது வேண்டாம்.

கணக்கைப் பார். உடல் 180 × 150 × 120 மி.மீ. ஆறு முகங்களும் சேர்ந்து 1332 சதுர செ.மீ. ஷீட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் (நாம் ஸ்டைரீன் என்பது) அடர்த்தி கன செ.மீ.க்கு 1.05 கிராம். வெளித்தோல் 1.5 மி.மீ. என்றால் 210 கிராம், 3 மி.மீ. என்றால் 420 கிராம். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும், உண்மைதான். ஆனால் 1.5 மி.மீ. ஷீட்டையே வைத்துக்கொண்டு தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலும் விரலால் அழுத்தும்போது தெரியும் வளைவு பெருமளவு குறையும். அதற்குத் தேவை நடுவில் ஒரே ஒரு விலா, அதாவது உள்ளே குறுக்காக நிற்கும் தாங்கு தகடு, 150 × 120 அளவில், 28 கிராம். நடுவே பெரிய ஓட்டை போட்டுச் சட்டம் போல விட்டால் பத்துப் பன்னிரண்டு கிராமில் முடிந்துவிடும். உனக்கு மூன்று விலா போதும், 45 மி.மீ.க்கு ஒன்று. அவற்றை நீளவாக்கில் ஒரு முதுகெலும்புப் பலகையோடு பாதிப்பாதி வெட்டுக்குழி போட்டுக் கோத்துவிடு, முட்டை அட்டைக்குள் இருக்கும் தடுப்புகள் மாதிரி. கோத்த கூட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து மூலைமட்டம் பிடித்துப் பார். ஆடினால் அங்கேயே சரிசெய். தோல் ஒட்டிய பிறகு முறுக்கை எடுக்கவே முடியாது. மேலே எத்தனை ரிவெட் பதித்தாலும் கோணல் கோணலாகத்தான் தெரியும்.

ஷீட் கணக்கும் இதிலிருந்தே வரும். ஒரு ஏ4 ஷீட் 624 சதுர செ.மீ.; தோலுக்கு இரண்டுக்குச் சற்று மேல், கழிவோடு மூன்று. விலாவும் முதுகெலும்பும் 1.5 மி.மீ.யிலேயே இன்னும் இரண்டு. கால்களுக்கு 2 மி.மீ. நான்கு, கவசத் தகடுகளுக்கு 0.5 மி.மீ. நான்கு, தோள் வளைவுக்கு 0.75 மி.மீ. இரண்டு. வாங்கும்போது ஸ்டைரீன்தானா என்று உறுதிசெய்துகொள். ஏபிஎஸ் ஷீட்டும் நுரை பிவிசி பலகையும் பார்வைக்கு ஏமாற்றும். ஸ்டைரீனுக்கான மெல்லிய திரவப் பசை அவற்றில் சரியாகப் பிடிக்காது. பிவிசி குழாயைத் தொடைக்குள் வைப்பதாக எழுதியிருக்கிறாய். வைக்கலாம், ஆனால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்சியால் (இரண்டு பகுதியைக் கலந்து போடும் பசை) ஒட்டு, குறுக்கே ஒரு ஆணியும் போடு.

வெட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் 2 மி.மீ.க்கு ஒரு வார்த்தை. கத்தியை அழுத்தாதே. ஸ்டீல் ஸ்கேல் வழுக்காமலிருக்க அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எடையே கொடுக்காமல் முதல் கீறல். அதே தடத்தில் இன்னும் நான்கைந்து. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் போதும், மேசை விளிம்பில் வைத்துக் கீறலுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினால் படக்கென்று நேராக உடையும். கத்தி பிளாஸ்டிக்கை வெட்டி எடுப்பதில்லை, இருபக்கமும் ஒதுக்குகிறது. அதனால் கோட்டின் இரு ஓரத்திலும் மேடு எழும்பியிருக்கும். அந்தப் பிசிறை அலகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டாமல் ஒட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் 0.2 மி.மீ. இடைவெளி சேரும். பத்து மூட்டு தாண்டினால் 2 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தலையைச் சொறிவாய். இட வலத் துண்டுகளுக்கு இரண்டு ஷீட்டை இருபக்க டேப்பால் ஒட்டி, சேர்த்தே அரத்தால் முடி; தனித்தனியாக அளந்தால் இரட்டைப் பிள்ளைகள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. பெட்டியின் வெளி அகலம் 150 என்றால் இரு சுவருக்கும் இடையில் வரும் தகடு 147. இது தெரிந்த விஷயம், ஆனால் உன் இரண்டாவது வரைபடத்தில் நான்கு துண்டுக்குமே 150 என்று போட்டிருக்கிறாய்.

இனிப் பசை. பெரிய மாதிரிகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் உடனே தெரியாது. திரவப் பசை ஒட்டுவதில்லை. இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கரைத்த திரவம் வெளியே போக வழி வேண்டும். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை முழுப் பரப்பிலும் பசை தடவி அழுத்தினால் நடுவில் சிக்கிய திரவம் வாரக்கணக்கில் பிளாஸ்டிக்கை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஒருநாள் பரப்பு குழிந்தோ புடைத்தோ நிற்கும். ஆகையால் இரட்டைத் தகடு வரும் இடங்களில் உள்தகட்டில் 20 மி.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளைகள் போடு. திரவத்தை விரைவாக, குறைவாகத் தடவு. கண்ணாடிக்கு அடியில் வைத்து மேலே கனம் ஏற்றி ஒரு நாள், பிறகு மூன்று நாள் சும்மா விடு. இரு தகடும் ஒரே தடிமனாக இருப்பது நல்லது. கனத்த தகட்டில் மெல்லியதை ஒட்டினால் மெல்லியதுதான் அதிகம் இளகி இழுக்கும். 0.5 மி.மீ. கவசத் தகடுகளுக்கு முழுப் பரப்பிலும் தடவாமல் விளிம்பில் மட்டும் தூரிகையை வை; நுண்துளை ஏற்றம் (இடுக்கு தானே திரவத்தை இழுத்துக்கொள்வது) மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மூடிய பெட்டி எதுவானாலும் கண்ணில் படாத இடத்தில் ஒரு 3 மி.மீ. மூச்சுத்துளை கட்டாயம்.

எந்தப் பசை என்று கேட்டிருந்தாய். எலும்புக்கூட்டுக்குப் பியூட்டனோன் என்ற கரைப்பான் கலந்தது, கவசத்துக்கு அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் கலந்த மெல்லிய வகை. ஆரஞ்சு வாசனையுள்ள லிமோனீன் பசை மெதுவானது. சின்ன நுணுக்கங்களுக்கு நல்லது, கூட்டுக்கு வேண்டாம். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிப்பதால் சட்டென்று பிடித்து சட்டென்று பறந்துவிடும், மூட்டு அற்புதமாக வரும். ஆனால் அதன் ஆவி கெட்டது, நைட்ரைல் கையுறையையும் சீக்கிரம் ஊடுருவும். ஜன்னலைத் திறந்துவைப்பதெல்லாம் அதற்குப் போதாது, தொடாமல் இருப்பதே மேல். சூப்பர் க்ளூ கூட்டுக்குள் வரவே கூடாது. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுக்குப் பொட்டென்று விடும்.

கால்கள். உன் வரைபடப்படி இயந்திரம் சுமார் 1.2 கிலோ வரும். தோளும் ஆயுதமும் மேலே இருப்பதால் ஈர்ப்பு மையம் 280 மி.மீ. உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள். பாதத்தின் முன்விளிம்பு அதற்கு நேர் கீழிருந்து 55 மி.மீ. தள்ளி. அப்படியென்றால் 11 டிகிரி சாய்ந்தாலே கவிழும். மேசையில் யாராவது முழங்கை பட்டாலே போச்சு. ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் 80 × 80 × 5 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று வை, தலா 250 கிராம். மையம் 200 மி.மீ.க்கு இறங்கும், கவிழும் கோணம் 15 டிகிரிக்கு மேல் போகும். இதோடு முன்விரலை நீட்டி விளிம்பை 90 மி.மீ.க்குத் தள்ளினால் 24 டிகிரி. எடை கொடுப்பதைவிடப் பாதத்தை நீட்டுவதுதான் அதிகம் உதவுகிறது பார். உன் முன்விரல் சிறியது, அழகுக்கும்கூடப் பெரிதாக்கலாம். இரும்பை எபாக்சியால் பிடி. ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் ஊற்றிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பசையின் அமிலத்தோடு ஈயம் வினைபுரிந்து சில ஆண்டுகளில் உப்பி, பெட்டியை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

முழங்காலுக்குப் பந்து மூட்டு வரைந்திருக்கிறாய். இந்த எடைக்கு நிற்காது, மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடும். தொடையின் அடியில் இரண்டு கன்னங்கள், ஒவ்வொன்றும் 2 மி.மீ. இரட்டைத் தகடு, கெண்டைக்காலின் மேலே அவற்றுக்கிடையே நுழையும் ஒரு நாக்கு, மூன்றையும் துளைத்து ஓர் எம்5 (5 மி.மீ. விட்டம்) போல்ட். நட்டை லேசாக முடுக்கிவைத்துத் தோரணையைச் சரிபார். இரண்டு பாதமும் கண்ணாடியில் முழுதாகப் படிகிறதா என்று அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தபின் நட்டை இறுக்கி, போல்ட்டுக்கு அப்பால் இரண்டு 2 மி.மீ. பித்தளைக் கம்பிகளைக் குறுக்கே செலுத்திப் பூட்டிவிடு. கணுக்காலுக்கும் இதே வழி.

இடுப்பு கழற்றும்படி இருக்கட்டும். 45 செ.மீ. உருவத்தை முழுதாகத் தூக்கிக்கொண்டு போக ஒரு பெட்டியும் கிடைக்காது. நிமிர்ந்த எம்6 போல்ட் ஒன்று போதும். எம்6 நட்டு 10 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம், 2 மி.மீ. தகடு மூன்றில் அறுகோண ஓட்டை வெட்டி அடுக்கி, நட்டை உள்ளே வைத்து மேலும் கீழும் மூடு. கீழ்மூடியில் போல்ட் நுழையத் துளை மட்டும் இருக்கட்டும். தோலை ஒட்டும் முன்பே இதைச் செய்து பத்து முறை முடுக்கிக் கழற்றிப் பார். பெட்டியை மூடிய பிறகு நட்டு தனியாகச் சுழன்றால் பெட்டியை அறுப்பதைத் தவிர வழியில்லை. ஆயுதக் கைகளுக்கு 10 × 3 மி.மீ. நியோடிமியம் காந்தம் போதும். ஒட்டுமுன் எந்தப் பக்கம் என்று மார்க்கரால் குறித்துக்கொள். எல்லோரும் ஒருமுறையாவது மாற்றி ஒட்டுகிறார்கள்.

தோள் கவச வளைவுக்கு 0.75 மி.மீ. இரண்டு அடுக்கு. ஷீட்டை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பார், ஒரு திசையில் எளிதாக மடங்கும்; வளைவை அந்தத் திசையில் வை. வேண்டிய வளைவைவிடச் சற்றுச் சிறிய விட்டமுள்ள குழாயில் சுற்றி டேப் போட்டு, கொதி அடங்கிய நீரை ஒரு நிமிடம் ஊற்றிப் பிறகு குளிர்நீர். கொதிநீரில் முக்கினால் சுருங்கி நெளியும். ஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே தளர்ந்துவிடும். வளைந்த இரண்டையும் குழாயின் மேலேயே வைத்து ஒன்றோடொன்று ஒட்டினால் வளைவு திரும்ப விரியாது.

மேற்பரப்புக்கு வருவோம். 28 மி.மீ. பொம்மை ஏறக்குறைய 1:56 அளவு, நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு. உன் இயந்திரம் அப்போது நிஜத்தில் 25 மீட்டர் உயரம், எட்டு மாடிக் கட்டடம். அந்தப் பிரமாண்டத்தைக் காட்டுவது கண்ணுக்குப் பழகிய சின்னச் சாமான்கள்தான். ஏணிப்படிகள் 30 செ.மீ. இடைவெளி, அதாவது 5.4 மி.மீ.; கைப்பிடிக் கம்பியின் உயரம் 1.1 மீட்டர், அதாவது 20 மி.மீ.; அந்தக் கம்பியை 1 மி.மீ. தடிமனில் வை, கணக்குப்படி கொஞ்சம் தடிமன், ஆனால் விளையாடும் கைக்கு உடையாது. நுழைவு மூடி மட்டும் கணக்குக்குக் கட்டுப்படாது: 70 செ.மீ. என்றால் 12 மி.மீ. வரும், கவசம் போட்ட பொம்மையின் தோளே அதைவிட அகலம். பொம்மையைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து 20க்கு வெட்டு. ரிவெட்டுக்கு 1 மி.மீ. தாண்டாதே, 2 மி.மீ. வைத்தால் அது 11 செ.மீ. தலையுள்ள உலக்கை, இயந்திரம் உடனே பொம்மையாகிவிடும். 1 மி.மீ. உருளைக் கம்பியை 0.5 மி.மீ. வில்லைகளாகச் சீவி, ஈரத் தூரிகை நுனியால் எடுத்து வைத்து ஒரு துளி திரவம் தொடு. மாஸ்கிங் டேப்பில் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி குறித்து ஓரமாக ஒட்டிக்கொண்டால் வரிசை நெளியாது. 400 ரிவெட் ஆகும் என்று கணக்கிட்டுச் சலித்துக்கொண்டிருந்தாய். குறைக்கலாம்: விளிம்புகளில் மட்டும் வை. நடுப்பரப்பு வெறுமையாக இருந்தால்தான் விளிம்பு கனமாகத் தெரியும்.

தகட்டுக் கோடுகளைக் கீறாதே. 0.5 மி.மீ. தகடுகளை 0.8 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால் கோடு தானாகவே வரும், கத்தி வழுக்கும் பயமும் இல்லை. இந்த இடைவெளி விலாவுக்கு நேர் மேலே விழும்படி திட்டமிடு. கவசத்தின் பிரிவும் உள்ளே இருக்கும் சட்டமும் ஒத்துப்போனால் பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே நம்பிக்கை வரும்.

பட்டி பார்ப்பதை மூட்டுகளோடு நிறுத்து. எபாக்சி பட்டி சுருங்காது. ஷீட் துணுக்கைப் பசையில் கரைத்துச் செய்யும் கூழ் மலிவு, ஆனால் ஒரு வாரத்துக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடர் கலந்தால் நிமிடங்களில் காயும். ஆனால் அன்றைக்கே தேய்த்துவிடு, மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், உப்புத்தாள் சுற்றியுள்ள மென்மையான பரப்பைத்தான் தின்னும். உப்புத்தாளை மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டு 240, 400, பிறகு நீரோடு 600 எண் தாளால் தேய்.

வெள்ளை ஷீட்டில் குறை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரி என்று தோன்றும்போது சோப்பு நீரில் கழுவி, சாம்பல் பிரைமரை மெல்லிசாக, இரண்டு மூன்று தடவையாக அடி. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் ஸ்ப்ரேயின் கரைப்பான் மெல்லிய தகட்டைக் கடிக்கும். முதலில் ஒரு துண்டில் சோதி. முதல் கோட் வெறும் சோதனைக் கோட்தான். மறைந்திருந்த பிசிறும் பிளவும் அப்போது வரிசையாக எழுந்து நிற்கும். அவற்றைச் சரிசெய்த பிறகு வருவதுதான் பெயின்டுக்கான கோட்.

முதலில் பாதத்தையும் இடுப்பையும் 1 மி.மீ. அட்டையில் செய்து நிறுத்திப் பார். முன்விரலை எவ்வளவு நீட்டினாய், மூன்று விலாவும் எந்தெந்த இடத்தில் என்று புது வரைபடத்தில் குறித்து அனுப்பு. தலையின் வரைபடத்தை நீ அனுப்பவே இல்லை. அதையும் சேர்த்து வை.

அன்புடன்,
செல்வம்