பத்துத் தோல்வி, ஒரு வெற்றி: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

காணொளி வராது. பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்த ஏற்பாட்டை நானே போட்டு உடைக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணி ஓய்வு விருந்தில் திரையில் காட்டுவதற்காக, "அந்தக் கதையை" நான் கேமராவைப் பார்த்துச் சொல்லி அனுப்ப வேண்டுமாம். எந்தக் கதை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, கடைசிப் பந்தி முடிந்ததும் நீங்கள் எடுத்துவிடும் கதைதான். முடியாது என்று மூத்தவனிடம் சொல்லிவிட்டேன். "ஏன் சித்தப்பா?" என்று கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற காரியமாக அது தோன்றவில்லை.

இதை ஊரே படிக்கும் இடத்தில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நேரில் சொன்னால் தோளில் தட்டிச் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான். அண்ணி படிப்பார்கள், மாமா வீட்டார் படிப்பார்கள், உங்கள் அலுவலக நண்பர்களில் தமிழ் தெரிந்த இரண்டொருவரும் படிக்கக்கூடும். ஆகவே சில இடங்களில் பெயர் இருக்காது. உங்களுக்குப் புரியும்.

அமெரிக்காவின் ஓஹையோவில் இருக்கும் லரூ என்ற சிற்றூருக்கு என்னைக் கூட்டிப்போனது நீங்கள்தான். அந்தக் கதை நடந்த உங்கள் நிறுவனத்து விருந்துக்கு மறுநாள். நீங்கள் இருக்கும் கொலம்பஸிலிருந்து வடக்கே போகிறோம், இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு, உங்கள் நகரத்தின் நடுவில் அகலமாக ஓடும் அதே சயோட்டோ ஆறு அங்கே ஒடுங்கி ஓடுகிறது. வழியெல்லாம் ஊராங் இந்தியன்ஸ் என்ற பழைய கால்பந்து அணியின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிச் சொல்வது அபத்தம். ஆனால் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அமெரிக்கக் கால்பந்தே தெரியாது, அவர்களுக்காக நாலு வரி.

வால்டர் லிங்கோ என்பவர் லரூவில் ஏர்டேல் நாய்களை வளர்த்து நாடெங்கும் விற்றவர். ஊராங் என்பது அவருடைய நாய்ப் பண்ணையின் பெயர். 1922-ல் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில் ஓர் அணியைச் சேர்க்க 100 டாலர் கட்டணம். அவருடைய நாய் ஒன்றின் விலை 150 டாலர். ஒரு நாயைவிட மலிவாகக் கிடைத்த அணியை வாங்கி, பூர்வகுடி விளையாட்டு வீரர் ஜிம் தோர்ப்பை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அமர்த்தி, முழுக்க அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கொண்டே அதை நிரப்பினார். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆடுவதற்கு மைதானமும் கிடையாது. அணி ஊர் ஊராகப் போய் ஆடியது. நாய்களும் கூடவே போயின. விளம்பரத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? இடைவேளையில் எதிரணி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, இவர்கள் இறகு சூடிக்கொண்டு நடனம் ஆட வேண்டும், கத்தியும் கைக்கோடரியும் எறிய வேண்டும், நாய்களின் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் கரடியோடு மல்லுக்கட்டினார். பிறகு எழுந்து வந்து இரண்டாம் பாதி ஆட வேண்டும்.

முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஆறு தோல்வி. 1923-ல் ஒரே வெற்றி, பத்துத் தோல்வி. எடுத்த புள்ளிகள் 50, கொடுத்தவை 257. பஃபலோ அணியிடம் 57-0. கான்டன் அணியிடம் 41-0. தோர்ப்பும், ஊராங்கில் அவரோடு ஆடிய ஜோ கையனும் பீட் கலாக்கும் ஒரு காலத்தில் அதே கான்டனுக்காக ஆடியவர்கள். அந்த ஆண்டு கான்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் சாம்பியன் ஆனது. சிகாகோ பேர்ஸ் அணியுடனான ஆட்டத்தில், எதிரணியின் கோல் கோட்டை நெருங்கிய நேரத்தில் தோர்ப் பந்தை நழுவவிட்டார். பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் அதை அள்ளிக்கொண்டு 98 கெஜம் ஓடினார். பின்னாலேயே தோர்ப் துரத்துகிறார், எட்டவில்லை. 1912-ல் ஸ்டாக்ஹோமில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கால்கள் அவை. அந்தப் பதக்கங்களும் அடுத்த ஆண்டே பறிக்கப்பட்டன. ஹாலஸின் அந்த ஓட்டம் 1972 வரை லீகின் சாதனையாக நின்றது. துரத்தியவரைப் பற்றி அந்தப் பட்டியலில் பேச்சே இல்லை.

இதைச் சொல்லும்போது நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தீர்கள். "பத்து ஆட்டம் தோற்றாலும் சம்பளம் வந்ததல்லவா? தோர்ப்புக்கு வாரம் 500 டாலர். யாரும் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம்." எனக்கு முழங்கை வலித்துக்கொண்டிருந்தது. அதை நீங்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததால்தான் அப்படிச் சொன்னீர்கள்.

முழங்கைக்கு வருகிறேன். உங்கள் கதையில் அது எப்போதும் நாலு வரியில் முடிந்துவிடும்: நிறுவனத்து விருந்து, எல்லோரும் ஏதாவது செய்து காட்ட வேண்டும், நான் கம்பு சுற்றினேன், தம்பி விழுந்தான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவ்வளவுதான். புல்வெளி ஈரமாக இருந்ததையோ, வாடகைக்கு வாங்கிய கண்ணாடிக்கல் பதித்த மஞ்சள் தலைப்பாகையையோ நீங்கள் சொல்வதில்லை. அதை ஒருவர் உங்கள் தலையில் வைத்தார், நீங்கள் குனிந்து கொடுத்தீர்கள். உங்களைவிட அவர் குட்டை. கொடை விழாவில் ஆசான் முன்னால் சலாம் வரிசை என்ற வணக்கச் சுற்று எடுக்கும்போதுகூட உங்கள் கழுத்து அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் நான் விழுவது நாம் முன்பே பேசி வைத்ததுதான், அதில் குறையில்லை. விழுந்தேன், கைதட்டினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். யாரோ இன்னொரு முறை என்று கத்தினார்கள், பிறகு எல்லோரும் கத்தினார்கள். இரண்டாம் சுற்றில் நான் விழுவதாக இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே காலடிச் சுவடு வைத்து, அதே தடுப்பு. உங்கள் கம்பு என் கம்பில் மோதி நின்றது. உங்கள் கண் முதலில் விரிந்தது, மகிழ்ச்சியாகத்தான் விரிந்தது, சத்தியம் செய்கிறேன். ஒரு நொடி நாம் இருவரும் ஊரில் இருந்தோம். அடுத்த நொடி உங்கள் பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ போய்வந்தது. "விழு" என்றீர்கள். உதடு அசையாமல். நான் விழுந்தேன். கல்லில் முழங்கை பட்டது.

அந்தச் சமயத்தில் உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் யார் மேசையில் இருந்தது என்பதும், அக்காவின் கல்யாணக் கடனில் எவ்வளவு பாக்கி என்பதும் எனக்குத் தெரியும். என் கல்லூரிக் கட்டணமே அந்தச் சம்பளத்தில்தான் வந்தது. இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைய "விழு"வுக்காக உங்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அதைச் சிரிப்புக் கதையாக்கி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என்னைத் திரும்பத் திரும்ப விழவைத்தீர்களே, அதற்குத்தான் கோபம். அங்கே யார் மேசையில் என்ன விண்ணப்பம் இருந்தது, அண்ணா?

இதே காரணத்தால்தான் ஊராங் கதையை நீங்கள் சொல்லும் விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் குடித்தார்கள், ஊர் சுற்றினார்கள், பயிற்சியை மதிக்கவில்லை என்பீர்கள். குடித்தார்கள், உண்மைதான். அந்த அணியின் ஆட்டக்காரர் லியன் பௌட்வெல் பின்னாளில் இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்: வெள்ளையர்கள் தங்களைக் காட்டுமனிதர்கள் என்று எண்ணினார்கள், தங்களில் பெரும்பாலோர் கல்லூரி வரை போனவர்கள், ஆனால் அந்த எண்ணமே கூத்தடிக்க நல்ல சாக்காக அமைந்தது என்று. தலையில் வைக்கப்பட்ட தலைப்பாகையைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டவர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் உங்களுக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும்.

அணியின் பல பேர் கார்லைல் போன்ற விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். பிள்ளைகளைத் தாய்மொழி பேசவிடாமல், முடியை வெட்டி, பழைய வாழ்க்கையை மறக்கச் செய்வதற்காகவே நடத்தப்பட்ட பள்ளி கார்லைல். இறகைப் பிடுங்கி வளர்த்தவர்கள் ஒரு பக்கம், வளர்ந்த பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு இறகு சூடச் சொன்னவர்கள் மறுபக்கம். பூர்வகுடிகள் அனைவரும் குடிமக்கள் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1924 ஜூனில். அதற்குள் அணி இல்லாமல் போயிருந்தது. கூட்டத்துக்கு வேடிக்கை சலித்துவிட்டது, லிங்கோ கைகழுவிவிட்டார்.

தோற்கச் சொல்லி யாரும் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. அவர்கள் தோற்றாலும் வென்றாலும் முதலாளிக்கு நாய் விற்றது. இதில் எது கேவலம் என்று இன்னும் எனக்குள் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விழு என்று சொல்லவாவது எனக்கு ஒருவர் இருந்தார்.

ஆட்டப் பட்டியலை ஒருமுறை பாருங்கள், அண்ணா. முதல் ஒன்பது ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது 12 புள்ளிகள். உங்கள் ஊர் கொலம்பஸ் டைகர்ஸிடம் 27-3. அதற்குப் பிறகு எஞ்சியவை இரண்டே ஆட்டங்கள், டிசம்பர், எதுவும் மாறப்போவதில்லை. சிகாகோ கார்டினல்ஸுடன் 22-19, மூன்றே புள்ளிகளில் தோல்வி. பிறகு லூயிவில் போய் 19-0 என்று ஜெயித்தார்கள். மொத்தம் 50-ல் 38 புள்ளிகள் அந்த இரண்டு ஆட்டங்களில் வந்தவை. லூயிவில்லும் நலிந்த அணிதான் என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லுங்கள். அந்த டிசம்பரில் அவர்களை யாரும் அவ்வளவு ஓடச் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

அன்று காரில் "அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா?" என்று தொடங்கினீர்கள். பாதியில் அண்ணியின் அழைப்பு வந்து பேச்சு திசைமாறியது. தேடிப் பார்த்தேன். தோர்ப்பும் கையனும் 1924-ல் ராக் ஐலண்டு அணிக்குப் போய் ஆடினார்கள், கலாக் பஃபலோவுக்கு. 1927-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் சாம்பியன் ஆனபோது கையன் அந்த அணியில் இருந்தார். நாய் இல்லை, கரடி இல்லை, இடைவேளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருப்பார். இதை அன்றைக்கே நீங்கள் சொல்லி முடித்திருந்தால் நான் இத்தனை காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேனோ என்னவோ.

லரூவிலிருந்து திரும்பும்போது, இருட்டிய பிறகு, நீங்கள் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொன்ன அண்ணன்தான் என் அண்ணன். கல்யாண வீடுகளில் மைக் பிடிப்பவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

விருந்தில் பிள்ளைகள் வேறு யாரையாவது பேசவைக்கட்டும். ஓய்வுக்குப் பிறகு மார்கழியில் ஊருக்கு வருவதாக அண்ணி சொன்னார்கள். பழைய கம்புகள் பரணில் பத்திரமாக இருக்கின்றன, எண்ணெய் போட்டு வைக்கிறேன். முன்பேச்சு எதுவும் கிடையாது. உங்களுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன், அதற்காக நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

அன்புடன்,
தம்பி