அம்மாவின் ஸ்கானும் கனடா மச்சானும்

வெள்ளவத்தை

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. மகள் ஏ.எல்.லுக்குக் கணிதப் பிரிவு எடுத்தது சந்தோஷம். ரியூசன் காசை நினைத்து இப்போதே தலையில் கை வைக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை. காலி வீதியில் பஸ் ஊர்கிறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலைக்கு நடந்தே போய்விடுகிறேன்.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இருமல் மாதக்கணக்கில் நிற்கவில்லை, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிகிறது, டொக்டர் நெஞ்சுக்கு சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொல்கிறார். கனடா மச்சானோ போன் எடுத்து, "ஒரு சி.ரி. எழுபது எக்ஸ்ரேக்குச் சமன், எடுக்க விடாதேங்கோ" என்று குழப்பிவிட்டார். அவர் கணக்கில் பெரிய பிழையில்லை. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவேர்ட் என்று அளப்போம்; நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.1 மில்லிசீவேர்ட் அல்லது அதற்கும் குறைவு, நெஞ்சு சி.ரி.க்கு ஏறத்தாழ 6, 7. ஆனால் ஒன்றுமே எடுக்காமல் வீட்டில் இருந்தாலும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் நம்மேல் படுகிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஸ்கான் மூன்று வருடம் சும்மா இருந்ததற்குச் சமன். மச்சான் அந்தப் பாதியைச் சொல்லவில்லை.

இயற்கைக் கதிர்வீச்சு நம் நாட்டுக்கு ஒன்றும் புதிதில்லை. பேருவளைக் கடற்கரை மணலில், கதிர்வீச்சு விடும் தோரியம் கலந்த மொனசைட் என்ற கனிமம் இருக்கிறது. கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமி இளவயதில் இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர் தெரியுமா? தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமம் 1904இல் அவர் கண்ணில் பட்டதும் இந்த நாட்டில்தான்.

கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் அது வெளியே தெரிய வருடக்கணக்காகும். எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு அந்தக் கவலையைவிட அந்த நிழல் என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இதுவே உன் சின்னவன் என்றால் நானே ஆயிரம் கேள்வி கேட்பேன்: அல்ட்ராசவுண்ட் போதாதா, எம்.ஆர்.ஐ. முடியாதா என்று. அவை இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சே இல்லை. எம்.ஆர்.ஐ.யின் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள், சும்மா தலையிடிக்கு "ஒரு சி.ரி. போட்டுப் பார்ப்பமே" என்று டொக்டரிடம் மன்றாடுவதைப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அதைவிட மோசம், மூன்று டொக்டர்மாரை முன்பதிவு செய்து பார்த்து, பழைய படத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அதே இடத்தை மறுபடி எடுப்பது.

வேலையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "எங்களை உள்ளே விட்டிட்டு நீங்கள் மட்டும் ஏன் ஓடுறீங்கள்?" அவர்களுக்கு அது ஒருதரம், பலனும் உண்டு. எனக்கு நாள் முழுக்க, பலன் ஒன்றுமில்லை. கதிர் வரும் இடத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்கிறவள் இரண்டு மீற்றருக்குப் போனால் என்மேல் படுவது கால்வாசியாகிவிடும்; சுவருக்குப் பின்னால் போனால் பேச்சே இல்லை. என் சட்டையில் குத்தியிருக்கும், கதிர்வீச்சைப் பதிவு செய்யும் பட்ஜைக் கழற்றி அனுப்பி அளவு பார்ப்பார்கள். ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட் எனக்கு எல்லை; அதன் கிட்டவும் போனதில்லை.

கதிர்வீச்சைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரனை நாங்கள் மடிப்பதில்லை, தொங்கவிடுவோம். மடித்தால் உள்ளே ஈயத்தில் வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரனையே எக்ஸ்ரே எடுத்துத்தான் பிடிக்க வேண்டும். நோயாளிக்கும் அதைப் போடும் வழக்கம் இப்போது குறைகிறது. 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே வழமையாகப் போடத் தேவையில்லை என்றது. பார்க்க வேண்டிய இடத்தை ஈயம் மறைத்துவிடும், மெஷினும் தானாகக் கதிர்வீச்சைக் கூட்டிவிடும். அதனால் அம்மாவுக்குப் போடவில்லை என்றால் அங்கே சண்டைக்குப் போகாதே.

அம்மாவுக்குத் தேவையில்லாத கேள்விதான், ஆனாலும் சொல்கிறேன்: இளம் பெண்கள் வந்தால் முழுகாமல் இருக்கிறீங்களா என்று கேட்காமல் பொத்தானைத் தொடமாட்டேன். கூட மாமியார் நின்றால் ஏதாவது சாட்டுச் சொல்லி முதலில் அவரை வெளியே அனுப்பிவிடுவேன். அப்போதுதான் உண்மை வரும்.

அப்புறம், தாலிக்கொடி. படத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக விழும். கழற்றச் சொன்னால் அம்மா முகம் சுளிப்பா. ஸ்கானுக்கு முதல்நாளே வீட்டில் வைத்துக் கதைத்துவிடு. படம் தெளிவாகத் தெரிய ஊசியால் சாயம் ஏற்றிப் பார்ப்பதென்றால் சிறுநீரக இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், அந்த ரிப்போர்ட்டும் வேண்டும். முன்பு எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் அந்தப் பெரிய உறையோடு கொண்டு போ, பழசு என்று விட்டுவிடாதே. நிழல் முந்தியும் இருந்ததா என்று ஒப்பிட அதுதான் உதவும்.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. கொழும்பில் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வா. லிஃப்ட் வேலை செய்கிறது.

உன்,
சுகந்தி